பரஸ்தானம் வெச்ச குச்சி

எங்காத்துக்காரர் ராமசுப்ரமணியனுக்கு வெளில ரொம்ப நல்ல பேரு. டெல்லி ஆர்.கே.புரத்துல எங்க செக்டர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவா, தங்கமான மனுஷர், கவர்மெண்ட்ல செக்ஷன் ஆபீசர், ஒருத்தர் வம்புக்குப் போக மாட்டார்னு. அவாளுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவா. அவரோட குடித்தனம் பண்ணினது நான்.

இது தொண்ணூத்தெட்டுல நடந்தது. எங்க பிள்ளை ஹரிஷங்கர் அப்போ காலேஜ் முடிச்சு ரெண்டு வருஷமாச்சு. கோல்ஃப் ஆடிண்டிருந்தான். பொழுது போகாம ஆடலை, இதான் என் தொழில்னு ஒத்தக் கால்ல நின்னுண்டிருந்தான். குவார்ட்டர்ஸ்ல குடியிருக்கறவா ஆத்துக்குள்ள கோல்ஃப் எப்படி நுழைஞ்சுதுன்னு நீங்க கேப்பேள். எல்லாரும் தான் கேட்டா. பக்கத்து பிளாக்ல ஜோதிலிங்கம்னு திருநெல்வேலிக்காரர், மிலிட்டரில சுபேதார். கண்டோன்மெண்ட்ல அவாளுக்குன்னு ஒரு கோல்ஃப் மைதானம் உண்டு. கொஞ்ச நாள் அவருக்கு அங்க டூட்டி போட்டிருந்தா. பையன் லீவுல சும்மா சுத்திண்டிருக்கானேன்னு இவனையும் கூட்டிண்டு போனார். அவ்வளவு தான். போனவன் திரும்பி வரவே இல்லைன்னு வெச்சுக்கோங்கோ. உடம்பு மட்டும் ராத்திரி சாப்பாட்டுக்கு வரும்.

ஆத்துல ஹால்ல என் காபி டம்ளரைப் படுக்கப் போட்டு அதுக்குள்ள பந்தை உருட்டுவான். டம்ளர்ல பந்து விழற சத்தம் இருக்கே, டொய்ங்னு. கீழ் வீட்டு பஞ்சாபி அம்மா மாடிப்படில பாக்கறச்சே எல்லாம், "பெஹன்ஜி, உங்காத்துல என்ன உருண்டுண்டே இருக்கு"ன்னு ஹிந்தில கேப்பா. என்னத்த சொல்றது. என் பிள்ளையோட எதிர்காலம் உருண்டுண்டிருக்குன்னா சொல்ல முடியும்.

இந்த ஆட்டத்துல ஒரு விஷயம் என்னன்னா, ஆடத் தெரிஞ்சா மட்டும் போறாது. கார்டு வாங்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை நாலு நாள் ஆட விடுவா. அதுல மேல வர்ற கொஞ்ச பேருக்குத் தான் கார்டு. அது இருந்தா அந்த வருஷம் பூரா நாடெல்லாம் நடக்கற போட்டில ஆடலாம். இல்லைன்னா வேலிக்கு வெளில நின்னு வேடிக்கை பாக்க வேண்டியது தான். ஹரி ரெண்டு வருஷம் போயி ரெண்டு தடவையும் கிடைக்கலை. இது மூணாவது.

இதுக்கு நடுவுல இவர் அவனை கவர்மெண்ட் கிளார்க் பரீட்சை எழுத வெச்சிருந்தார். அந்தப் பிள்ளை எழுதித் தொலைச்சு பாஸும் பண்ணித் தொலைச்சான். வேலை வந்துடுத்து. ஒரு தடவை தவணை கேட்டு வாங்கினது ஆச்சு. இனிமே கிடையாது, அந்த நாலு நாள் ஆட்டம் முடிஞ்சு வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சேரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவான்னு ஆயிடுத்து.

இவர் அவனை உக்கார வெச்சுப் பேசினார். பேசினார்னா, பேப்பரைப் பாத்துண்டே பேசினார். பிள்ளை மூஞ்சியைப் பாத்துப் பேசற வழக்கமெல்லாம் எங்காத்துல கிடையாது.

"கார்டு வந்தா உன் இஷ்டம். வரலைன்னா வெள்ளிக்கிழமை போய் நாற்காலில உக்காந்துடணும். மூணாவது பேச்சுக்கு இடமில்லை."

"சரிப்பா."

"அப்பறம் மனசு மாறப்படாது."

"மாற மாட்டேன். ப்ராமிஸ்."

இதான் ஒப்பந்தம். அன்னிலேர்ந்து தினம் சாப்பிடறச்சே இவர் பென்ஷனைப் பத்திப் பேசுவார், குவார்ட்டர்ஸைப் பத்திப் பேசுவார், ரிடையர் ஆனப்பறமும் ஆஸ்பத்திரி செலவை சர்க்கார் பாத்துக்கும்னு சொல்லுவார். இருபத்தி மூணு வயசுப் பையன்கிட்ட ஆஸ்பத்திரி. அவன் தலையைக் குனிஞ்சுண்டு ரசஞ்சாதத்தைப் பிசைவான். அவன் ஆடறதை ஒரு நாள் கூட இவர் போய் பாத்ததில்லை. "குழிக்குள்ள பந்தைத் தள்ளறதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு"ன்னு சொல்லிட்டார்.

அந்த வருஷம் யமுனைக்கு அந்தாண்ட, நொய்டா பக்கத்துல ஒரு மைதானத்துல வெச்சிருந்தா. மாசி மாசம். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்னு நாலு நாள். வெள்ளிக்கிழமை நன்னா ஆடினான். சனிக்கிழமை கண்றாவியா ஆடினான்னு அவனே சொன்னான். ஞாயித்துக்கிழமை மறுபடியும் மேல வந்துட்டான். மூணு மணிக்கு வந்து, "மா, நாளைக்கு இதே மாதிரி போனா வந்துடும்"னு சொல்லிட்டு, தட்டுல போட்டதைச் சாப்பிட்டுட்டு படுத்துத் தூங்கிப் போயிட்டான்.

நான் பாத்திரத்தை ஒழிச்சுப் போட்டுண்டிருக்கேன். இவர் சுவத்துல மாட்டியிருக்கற காலண்டர் முன்னாடி கண்ணாடியை நெத்தில ஏத்திண்டு நிக்கறார். நிக்கறார், நிக்கறார், நின்னுண்டே இருக்கார்.

"என்ன, லீவு ஏதாவது வர்றதா?"

"ஒண்ணுமில்லை, நீ போ."

போயிட்டேன். நான் போயிருக்கப்படாது.

மறு நாள் காலைல இருட்டு பிரியறச்சே வாசல்ல டாக்ஸி நிக்கறது. ஹரி பையைத் தோள்ல மாட்டிண்டு இறங்கினவன், படியிலேயே நின்னு உள்ள இருக்கற குச்சியை எல்லாம் ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்கறான். தினம் பண்றது தான். பதினாலு குச்சி. அதுக்கு மேல வெச்சுக்கப்படாதாம்.

"மா, என் பட்டர் எங்க?"

பட்டர்ங்கறது கடைசில பந்தை உருட்டி குழிக்குள்ள விடறதுக்குன்னு இருக்கற குட்டைக் குச்சி. மத்தது எல்லாம் தூரமா அடிக்கறதுக்கு. தூரமா அடிக்கறது எல்லாராலயும் முடியும்மா, இது தான் சோறு போடறதுன்னு அவன் சொல்லுவான். ராத்திரி அதை மட்டும் தனியா எண்ணை தடவித் துடைச்சு வெப்பான். முதல் நாள் அசதில விடியற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

நான் சோஃபாக்கு அடில பாத்தேன், பால்கனில பாத்தேன். இவர் மஃப்ளரைக் கழுத்துல சுத்திண்டே மெதுவா வந்தார்.

"அது செல்வி ஆத்துல இருக்கு. போற வழில எடுத்துக்கலாம்."

செல்வின்னா அந்த ஜோதிலிங்கத்தோட ஆம்படையா. அவரை லடாக் பக்கம் லே-க்கு மாத்திட்டா, இவ தனியா இருக்கா. எங்க பிளாக்குக்கு நேர் கிழக்கு பிளாக், மொத மாடி.

"அங்க எதுக்குப்பா போச்சு?"

"பரஸ்தானம் வெச்சேன்."

எனக்கு அந்த நிமிஷமே புரிஞ்சுடுத்து. தலையில கையை வெச்சுண்டேன். தெரியாதவாளுக்குச் சொல்றேன். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திக்குல சூலம் உண்டு, அந்தத் திக்குல பயணம் போகப்படாதும்பா. திங்கள், சனி ரெண்டு நாளும் கிழக்கே சூலம். கட்டாயம் போய்த் தான் ஆகணும்னா முன்னாடியே நல்ல வேளை பாத்து, போறவாளோட சாமான் ஒண்ணை அந்தத் திக்குல இருக்கற வேற ஆத்துல கொண்டு வெச்சுடணும். அப்போவே பயணம் கிளம்பியாச்சுன்னு கணக்கு. மறு நாள் போறச்சே அந்த சாமானை எடுத்துண்டு நேரா போயிடணும், திருப்பி ஆத்துக்குள்ள கொண்டு வரப்படாது. இது தான் பரஸ்தானம். எங்கம்மா ஆத்துலயும் உண்டு, ஒரு வேஷ்டியோ துண்டோ வெப்பா. நொய்டா எங்காத்துலேர்ந்து கிழக்கே. சனிக்கிழமை அவன் கண்றாவியா ஆடினானே, அது ஏன்னு இந்த மனுஷர் காலண்டர்ல கண்டுபிடிச்சிருக்கார். ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்கறதுக்குள்ள, பிள்ளை தூங்கறச்சே, பையிலேர்ந்து எடுத்துண்டு போய் வெச்சுட்டு வந்துட்டார்.

ஒரு துண்டை வெச்சிருக்கலாம். ஒரு பனியனை வெச்சிருக்கலாம். சூலத்துக்கு ரெண்டு ஸ்பூன் தயிரைச் சாப்பிட்டுட்டு கிளம்பினாலே போறும்னு அதே காலண்டர்ல கீழ போட்டிருக்கு. அதைப் படிக்கலை.

மூணு பேரும் செல்வி ஆத்துக்கு ஓடினோம். கதவுல பூட்டு. திண்டுக்கல் பூட்டு, இவ்வளவு பெருசு. இவர் பூட்டை ரெண்டு தரம் இழுத்துப் பாத்தார். பூட்டியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியறதே, அதை எதுக்கு இழுக்கறது.

"காலைல வரேன்னு சொன்னேனே அவகிட்ட."

"எத்தனை மணிக்குன்னு சொன்னேளா?"

"காலைலன்னா காலை தானே ருக்கு."

கீழ இறங்கி வந்து பாத்தா இன்னொரு கூத்து. அவ பால்கனில துணிக்கொடி தொய்ஞ்சு போயிருக்கு, நடுவுல ஒரு கழி முட்டுக் குடுத்து நிக்கறது. அந்தக் கழி நம்ம பட்டர். அது மேல ஈரப் படுக்கை விரிப்பு ஒண்ணு சொட்டுசொட்டா தண்ணி விட்டுண்டு தொங்கறது. கண்ணுக்கு எதிர்ல இருக்கு, கைக்கு எட்டலை. இவர் மழைத்தண்ணி குழாயைப் பிடிச்சு ஆட்டிப் பாத்து, "ஏறலாம்னு தோணறது"ன்னார். அம்பத்தி ரெண்டு வயசு, மங்கி கேப் வேற.

டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கறான். ஹரி மேல பாத்துண்டே நின்னான். அப்பறம் திரும்பி, சத்தமே போடாம சொன்னான். கத்தியிருந்தா தேவலை.

"அப்பா, உங்களுக்கு நான் தோக்கணும்னா நேர்லயே சொல்லியிருக்கலாம். நான் போகாமலே இருந்திருப்பேன். நான் தூங்கறப்போ பேக்லேர்ந்து எடுக்கணும்னு இல்லை."

"ஏண்டா, என்னடா சொல்றே?"

"வெள்ளிக்கிழமை அந்த சேர்ல நான் உக்காரணும். அதானே. பரஸ்தானம்னா என்ன? ஆன்சர் மீ."

டெல்லில பிறந்த பிள்ளை. இங்க மலை மந்திர் முருகன் கோவில்ல விபூதி இட்டுப்பான், ஆவணி அவிட்டத்துக்கு பூணல் மாத்திப்பான், அதோட சரி. சூலம், பரஸ்தானம் எல்லாம் அவன் காதுல விழுந்ததே இல்லை. நல்ல மனசோட வெச்சேண்டா, நீ ஜெயிக்கணும்னு வெச்சேண்டான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? இந்த மனுஷர் என்ன சொன்னார் தெரியுமோ?

"உனக்குச் சொன்னா புரியாது."

ஹரி விடுவிடுன்னு நடந்தான். டாக்ஸில ஏறிட்டான். ஏறினவன் ஜன்னல் வழியா என்கிட்ட மட்டும் சொன்னான், "மா, பதிமூணோட ஆரம்பிக்கறேன். பாதில கொண்டு வந்து குடுத்தா எடுத்துக்கலாம், ரூல்ல இடமிருக்கு. ஆடிண்டிருக்கற வேற யார்கிட்டயும் மட்டும் வாங்கப்படாது." இவர் கேக்காமலே முன் சீட்ல போய் உக்காந்துண்டார். வேண்டாம்னு அவனும் சொல்லலை. கார் போயிடுத்து. யார் கொண்டு வரணும்? நான் தான்.

அன்னிக்கு கிருத்திகை. செல்வி எங்க போயிருப்பான்னு எனக்குத் தெரியும். மலை மந்திர் ஏறினேன். முட்டி வலியோட படி ஏறினா முருகனே மனசு இறங்குவான்னு சொல்லுவா, எனக்கு அன்னிக்கு முருகன் மேலயும் கோவம் தான். செல்வி பால் சொம்போட அபிஷேகத்துக்கு உக்காந்திருக்கா.

"செல்வி, எழுந்திரு. ஆத்து சாவியைக் குடு."

"என்ன மாமி, இப்படி மூச்சு வாங்குது. யாருக்கும் மேலுக்கு முடியலையா?"

"எல்லாரும் நன்னா இருக்கோம், அதான் கஷ்டம். நேத்து மாமா ஒரு குச்சி குடுத்தாரே."

"ஆமா, குடுத்தாவ. ஒரு ராத்திரி மட்டும் இருக்கட்டும்னு சொன்னாவ. எதுக்குன்னு கேட்டேன், பேசாம போயிட்டாவ. கொடி தொய்ஞ்சுக்கிட்டு கிடந்துச்சா, நல்ல கம்பா இருக்கேன்னு முட்டுக் குடுத்தேன். தப்பா மாமி?"

"தப்பு உன் மேல இல்லைடி. அதை வெச்சுண்டு தான் ஹரி ஆடணும். அவன் அது இல்லாம நொய்டா போயிட்டான்."

"ஐயோ, ஹரித் தம்பியோட கம்பா அது. எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போடுவாவ." பால் சொம்பைப் பக்கத்துல இருக்கற அம்மாகிட்ட குடுத்துட்டு, அவ எனக்கு முன்னாடி படி இறங்கி ஓடினா. முருகன் மன்னிச்சிருப்பார். அவருக்கும் அப்பாவோட தகராறு உண்டு, அவருக்குப் புரியும்.

குச்சியை ஈரத்தோட கையில வாங்கிண்டு ஆட்டோ பிடிக்கப் போனா, ஒருத்தன் வரமாட்டேங்கறான். நொய்டான்னா உ.பி., பார்டர் தாண்ட மாட்டேன்னு சொல்றான். எல்லாரும் அதே பாட்டு. கடைசில ஒருத்தன் பார்டர் வரைக்கும் விடறேன்னான். பையா, ஜல்தின்னு சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டுடுத்து. அவன் பாலத்து மேல வண்டியை மெதுவாக்கி, திரும்பிப் பாத்து, "அம்மாஜி, இதால யாரை அடிக்கப் போறீங்க"ன்னு கேக்கறான். "எங்காத்துக்காரரை"ன்னேன். அப்பறம் வேகமா ஓட்டினான். பார்டர்ல இறங்கி, அந்தப் பக்கத்து ஆட்டோல பால் கேனுக்கு நடுவுல இடுக்கிண்டு உக்காந்து போய்ச் சேர்ந்தேன்.

வாசல்ல காவல்காரன் விட மாட்டேங்கறான். உள்ள என் பிள்ளை ஆடறான்பான்னு ஹிந்தில சொன்னேன். "இங்க எல்லாருமே யாராவது ஒருத்தர் பிள்ளை தான் மாதாஜி"ன்னு வேதாந்தம் பேசறான். குச்சியைக் காட்டினேன். இது இல்லாம அவன் எப்படி ஆடிண்டிருக்கான்னு நீயே சொல்லுன்னேன். அதைக் கேட்டதும் அவனுக்கே பாவமா போயிடுத்து. எந்தப் பக்கம் போகணும்னு கையைக் காட்டி விட்டுட்டான்.

நான் பாட்டுக்கு புல்லு மேல நடக்கறேன். எவ்வளவு புல்லு. இத்தனை தண்ணியை எங்க குவார்ட்டர்ஸ்ல விட்டிருந்தா காலைல நாலு மணிக்கு எழுந்து பக்கெட் பிடிக்க வேண்டாம். தூரத்துல ஒருத்தன் ஏதோ கத்தினான், காதோரமா விர்ருனு ஒண்ணு போச்சு. பந்தாம். நான் திரும்பிக் கூடப் பாக்கலை. காலைலேர்ந்து பட்டதுக்கு இது எந்த மூலைக்கு.

ஒரு யூகலிப்டஸ் மரத்தடில மங்கி கேப் தெரிஞ்சுது. கிட்டப் போனேன். திட்டறதுக்குன்னு வழி நெடுக சேத்து வெச்சிருந்தேன். இவர் உதட்டுல விரலை வெச்சு, "உஷ், ருக்கு. பேசாம பாரு"ங்கறார்.

பாத்தேன். வழவழன்னு புல்லை வழிச்சு வெச்சிருந்த ஒரு இடம். அதுல ஹரி, தூரமா அடிக்கற இரும்புக் குச்சியைக் கீழ இறக்கிப் பிடிச்சுண்டு, கூன் போட்டு நிக்கறான். பட்டர் பண்ற வேலையை அதை வெச்சுப் பண்றான். பந்தோட வயித்துல லேசா ஒரு தட்டு. அது உருண்டு உருண்டு போயி குழிக்குள்ள விழுந்துடுத்து.

"முதல் குழில தான் மூணு தட்டு தட்டினான்"னு இவர் என் காதுல கிசுகிசுக்கறார். "வழக்கமா ரெண்டாம். அங்க ஒண்ணு போச்சு. அப்பறம் பாரு, ஒவ்வொரு குழிலயும் குச்சியைக் கொஞ்சம் கொஞ்சமா மேல பிடிச்சு, கீழ பிடிச்சு, தானே கண்டுபிடிச்சுண்டான். கூட ஆடறவாளெல்லாம் மொதல்ல சிரிச்சா. இப்போ ஒருத்தன் சிரிக்கலை. மேட்டுலேர்ந்து பள்ளத்துக்கு வர்றதுன்னா அவன் பந்தைக் குழியைப் பாத்தே அடிக்க மாட்டேங்கறான் ருக்கு, எங்கயோ ஓரமா அடிக்கறான், அதுவா திரும்பி வர்றது."

அவர் கல்யாணம் ஆனதுலேர்ந்து என்கிட்ட இவ்வளவு சேர்த்தாப்புல பேசினதில்லை.

"அவன்கிட்ட சொன்னேளா?"

"என்னத்த?"

"ஏன் எடுத்தேள்னு."

"ஆடறப்போ எப்படிச் சொல்றது."

"டாக்ஸில?"

மங்கி கேப்பைக் காதுக்குக் கீழ இழுத்து விட்டுண்டார். ஆர்.கே.புரத்துலேர்ந்து யமுனைப் பாலம் வரைக்கும், பாலத்துலேர்ந்து இங்க வரைக்கும், அப்பாவும் பிள்ளையும் ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பாத்துண்டு வந்திருக்கா.

ஹரி அடுத்த இடத்துக்கு நடந்து வர்றச்சே நான் குறுக்க போய் குச்சியை நீட்டினேன். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு ஆபீசர் ஓடி வந்துட்டார். குச்சியைக் குடுக்கலாம், அது சரி தான், ஆனா ஆட்டத்தைப் பத்தி ஒரு வார்த்தை யோசனை சொல்லப்படாது, அப்பறம் பையனுக்குத் தான் வினைன்னார்.

"நான் பஞ்சாங்கம் தான் சொல்லப் போறேன்"னு அவர்கிட்ட சொன்னேன். அவருக்கு என்ன புரிஞ்சுதோ, பக்கத்துலயே நின்னுண்டார்.

"கேளுடா. திங்கக்கிழமை கிழக்கே பயணம் போகப்படாது. போனா காரியம் நடக்காதுன்னு சாஸ்திரம். நல்ல நேரத்துல உன் சாமான் ஒண்ணை முன்னாடியே கிழக்கே அனுப்பிட்டா தோஷமில்லை. அதுக்குப் பேர் தான் பரஸ்தானம். உனக்குக் கார்டு வரணும்னு அந்த மனுஷர் ராகுகாலத்துக்குள்ள ஓடிப் போய் வெச்சிருக்கார். நீ தோக்கணும்னு இல்லை."

"நான் ஜெயிக்கறதுக்கா?"

"பின்ன, செல்வி துணி காயறதுக்கா?"

அவன் மரத்தடியைப் பாத்தான். இவர் உடனே வேற பக்கம் திரும்பி மரத்தைப் பாத்தார், என்னமோ யூகலிப்டஸையே முன்ன பின்ன பாக்காதவர் மாதிரி. ஹரி குச்சியை வாங்கி பேண்ட்ல ஈரத்தைத் துடைச்சான். துடைச்சுண்டே, "முதல்லயே சொல்லியிருந்தா நானே போய் வெச்சிருப்பேன் மா"ன்னான்.

"நேரம் ஆறது"ன்னார் சிவப்புத் தொப்பி.

அதுக்கப்பறம் தான் எனக்குத் தண்டனை. பேசப்படாது. இத்தனை குழிக்கும் பின்னாடியே நடக்கணும், பாக்கணும், வாயைத் திறக்கப்படாது. என் மாதிரி ஒருத்தியை யாரும் இப்படிப் பண்ணினதில்லை. இவருக்கு என்ன, ஜன்மத்துலேர்ந்தே பேசாம இருந்து பழக்கம். நடுவுல ஒரு குழில ரெண்டு தப்பா போச்சு, அப்பறம் ரெண்டு நன்னா வந்தது. கூட வந்த ஒருத்தர் கணக்குப் போட்டுச் சொன்னார், கடைசிக் குழில நாலுல முடிச்சா இந்தப் பையனுக்குக் கார்டு உறுதின்னு.

மூணு ஆச்சு. நாலாவது தட்டு. அவனுக்கும் குழிக்கும் நடுவுல எங்காத்து ஹால் நீளம் இருக்கும். எங்காத்து ஹால்ல டம்ளருக்குள்ள அதை எத்தனை ஆயிரம் தடவை விட்டிருப்பான். எண்ணை தடவின பட்டரை எடுத்தான். குனிஞ்சான். தட்டினான். பந்து நேரா போச்சு, குழி விளிம்பை ஒரு சுத்து சுத்திப் பாத்துது, வெளில வந்து நின்னுடுத்து.

அவன் போய் ஒரு விரல் தூரத்துலேர்ந்து அதைத் தட்டி உள்ள விட்டான். எடுத்தான். கூட ஆடினவாளுக்குக் கை குடுத்தான். எல்லாரும் ஆடி முடிச்சு போர்டுல எழுதற வரைக்கும் அங்கயே சிமெண்ட் பெஞ்சுல உக்காந்திருந்தோம். ஒண்ணுல போயிடுத்து. முதல் குழில இரும்பை வெச்சுண்டு ஒண்ணு கூடப் போட்டானே, அந்த ஒண்ணுன்னு சொல்லலாம். கடைசில பட்டர் கையில இருந்தும் போச்சே, அந்த ஒண்ணுன்னும் சொல்லலாம். நான் சொல்றது முதல் ஒண்ணு தான்னு இவரை ஒரு பார்வை பாத்தேன்.

"நீ அந்தக் குச்சியைக் கொண்டு வராம இருந்திருந்தா இரும்பை வெச்சே உள்ள விட்டிருப்பானோ என்னமோ"ங்கறார்.

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் பதினாலு குச்சில எதை எடுக்கறதுன்னு தான் யோசிச்சேன். ஹரி தான் நடுவுல வந்தான்.

"என் கையில தான்ப்பா இருந்தது. நான் தான் மிஸ் பண்ணினேன். உங்க மேலயும் இல்லை, மா மேலயும் இல்லை." கொஞ்ச நேரம் ஷூ நாடாவை அவுத்துண்டிருந்தான். "வெள்ளிக்கிழமை போய் ஜாயின் பண்ணிடறேன்."

இவர் மங்கி கேப்பைக் கழட்டினார். மடிச்சார். பாக்கெட்ல வெச்சுண்டார். எல்லாம் ஆனப்பறம் தான் பேச்சு வந்தது.

"எங்க?"

"ஆபீஸ்ல. ப்ராமிஸ் பண்ணினேனே."

"அந்த நாற்காலில உக்காரறதுக்கு ஆள் கிடைப்பா. டைப் அடிக்கத் தெரிஞ்சவா ஆயிரம் பேர் இருக்கா." மூக்குக் கண்ணாடியைத் துடைச்சார். "நாளைக்கு நானே போய் நீ வரலைன்னு சொல்லிடறேன்."

"அப்பா, கார்டு வரலைப்பா. உங்களுக்குப் புரியறதா?"

"நான் பாத்துண்டு தானே இருந்தேன், எனக்குத் தெரியாதா. அடுத்த வருஷம் ஆடு."

இப்போ நீங்க சொல்லுங்கோ. இந்த வார்த்தையை இவர் போன வாரம் சொல்லியிருந்தா, அந்தப் பிள்ளை தலைக்கு மேல கத்தி தொங்காம ஆடியிருப்பான். நேத்து மத்தியானம் சொல்லியிருந்தா குச்சி பையிலேயே இருந்திருக்கும். செல்வி அபிஷேகத்தைப் பாத்திருப்பா. நான் ஆத்துல இட்லிக்கு அரைச்சிருப்பேன். ஆட்டோக்காரன், காவல்காரன்னு எல்லாரையும் கெஞ்சி, பால் கேனைக் கட்டிண்டு, பந்தடி பட இருந்து, யமுனையைத் தாண்டி வந்தப்பறம் தான் இந்த மனுஷருக்கு வாய் திறக்கறது. அதுவும் ஆடறதைக் கண்ணால பாத்தப்பறம். பெத்த பிள்ளையை நம்பறதுக்கு முன்னாடி ஒரு தரம் சோதனை பண்ணிப் பாத்துக்கறார், என்னமோ ஐ.என்.ஏ. மார்க்கெட்ல முருங்கைக்காயை முறுக்கிப் பாக்கற மாதிரி.

ஹரிக்குக் கண்ணு கலங்கிடுத்து. அதை மறைக்கறதுக்கு பையைத் தூக்கித் தோள்ல போட்டுண்டான். இவர் "குடு, நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்"னு வாரைப் பிடிச்சார். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுண்டு முன்னாடி போறா. நான் பின்னாடி, முட்டி வலியோட.

அடுத்த வருஷம் கார்டு வந்தது, அப்பறம் அவன் எங்கெங்கயோ போய் ஆடினான், சிலது ஜெயிச்சான், நிறைய தோத்தான். ஆனா அன்னிக்கு பஸ்ல திரும்பி வந்தது தான் எனக்கு மறக்கலை. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சேர்ந்தாப்புல இடம் கிடைச்சுது, எனக்குக் கிடைக்கலை. இவர் கேக்கறார், அந்த மேட்டுல ஏன் ஓரமா அடிச்சேன்னு. அவன் சொல்றான், புல்லு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு பாக்கணும்பா. காத்து அடிச்சா? காத்து அடிச்சா வேற குச்சி. மண்ணுல விழுந்துட்டா? அதுக்கு ஒரு குச்சி. பார்டர்லேர்ந்து ஆர்.கே.புரம் வரைக்கும் ஒரு செகண்ட் ஓயலை. முன் சீட்டு சர்தார்ஜி கூட திரும்பித் திரும்பிப் பாத்தார். இவ ஒருத்தி காலைல குடிச்ச காபியோட நிக்கறாளே, நின்னுண்டே வர்றாளே, ஏதாவது சாப்பிட்டாளான்னு ரெண்டு பேர்ல ஒருத்தர் கேக்கணுமே. கேக்கலை.